எண்ணெய் தூக்கும், இரும்புதான் தாங்கும்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நம் சங்கச் செயலாளர் போன வாரம் என்னைக் கூப்பிட்டு, "பத்து நிமிடம் பேசப்பா. அரசியல் வேண்டாம், ஆன்மிகம் வேண்டாம். உனக்குத் தெரிந்ததைப் பேசு" என்றார். எனக்குத் தெரிந்தது எடப்பாடியில் இருக்கும் என் விசைத்தறிக் கூடமும், அதன் ஓரத்தில் நிற்கும் பழைய புல்லட்டும், அந்தப் புல்லட்டைத் தூக்க நான் வாங்கிப் போட்டிருக்கும் ஹைட்ராலிக் லிஃப்டும்தான். முழங்கால் வலி வந்த பிறகு குத்துக்காலிட்டு வண்டி வேலை செய்ய முடியவில்லை. அதனால் வாங்கினேன். இங்கே இன்னும் இரண்டு மூன்று பேர் வாங்கியிருப்பதாகக் கேள்வி. வாங்குவது எளிது, அதை வைத்துக் காப்பாற்றுவதுதான் பெரிய வேலை. அதைப் பற்றிச் சொல்கிறேன்.

பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. கத்தரி மாதிரி மடங்கி விரியும் இரும்புக் கால்கள், அதன் மேல் ஒரு நீளத் தட்டு, பக்கத்தில் காலால் மிதிக்கும் பம்பு. இவ்வளவுதான் லிஃப்ட். வண்டியைத் தட்டில் ஏற்றி, முன் சக்கரத்தைக் கவ்வியில் இறுக்கி, இரண்டு பக்கமும் பட்டையால் கட்டி மிதித்தால் வண்டி இடுப்பளவுக்கு வந்துவிடும்.

இதன் தத்துவம் நாம் படித்த பாஸ்கல் விதிதான். பம்பின் பிஸ்டன் 1 செ.மீ. விட்டம், தூக்குகிற ராம் 4 செ.மீ. விட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பரப்பு 16 மடங்கு. ராம் நேராக 200 கிலோவைத் தூக்குவதானால் பிஸ்டனில் 12.5 கிலோ கொடுத்தால் போதும். பெடலின் நெம்புகோல் இன்னொரு 10 மடங்கு கொடுத்தால், காலுக்கு வருவது ஒன்றேகால் கிலோ. ஆனால் ராம் 1 செ.மீ. ஏற, பிஸ்டன் 16 செ.மீ. ஓட வேண்டும். பலத்தில் சம்பாதித்ததைத் தூரத்தில் கொடுத்துவிடுகிறோம். கத்தரிக் கால்கள் படுத்திருக்கும்போது ராமின் தள்ளல் முழுவதும் மேல்நோக்கிப் போகாது. அதனால்தான் முதல் சில மிதிகள் கனமாக இருக்கும், பயப்பட வேண்டாம்.

1795ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜோசப் பிராமா ஹைட்ராலிக் அழுத்தப் பொறிக்குக் காப்புரிமை வாங்கினார். நம் பக்கத்து நூற்பாலைகளுக்கு 170 கிலோப் பொதியாகப் பஞ்சு வருகிறதே, அதை அழுத்துவதும் அந்தப் பொறியின் வம்சம்தான். பிராமாவுக்குப் பெரிய தலைவலி, ராமைச் சுற்றி நீர் கசிந்ததுதான். அவர் பட்டறையில் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லே, கிண்ணம் போல் மடித்த தோல் வளையம் ஒன்றை வைத்தார். அழுத்தம் கூடக்கூட அந்தத் தோலின் உதடே விரிந்து இறுக்கிக்கொள்ளும். இன்றைக்கு நாம் போடும் ரப்பர் சீலும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஆகவே சீல் மாற்றுகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: உதடு எண்ணெய் இருக்கும் பக்கம் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் புது சீலும் ஒழுகும்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன்பு என் லிஃப்ட் மெல்ல இறங்க ஆரம்பித்தது. காலையில் பார்த்தால் ஒரு விரற்கடை குறைந்திருக்கும். வெளியில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. வெளியில் ஒழுகினால் ராம் சீல் போயிற்று என்று அர்த்தம். ஒழுகாமல் இறங்கினால் உள்ளே வால்வில் கோளாறு. சரியாகவே கண்டுபிடித்தேன். ரிலீஸ் வால்வைக் கழற்றி, சின்ன எஃகுக் குண்டை எடுத்து, அது உட்காரும் இடத்தைச் சுத்தமாகத் துடைத்தேன். எதால் துடைத்தேன்? தறிக்காரன் வேறு எதைத் தேடுவான்? பக்கத்தில் கிடந்த வேஸ்ட் நூலால்தான். மாட்டி, எண்ணெய் ஊற்றி மிதித்தேன். அழகாக ஏறியது. எனக்கு ஒரே பெருமை.

அன்று மாலை புல்லட்டை ஏற்றி வைத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கரண்ட் போய்விட்டது. லாக் பின்னைப் போடாமல், வண்டியை மேலேயே விட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். காலையில் வந்து பார்த்தால் தட்டு தரையோடு தரையாகப் படுத்திருக்கிறது. பட்டையால் கட்டியிருந்ததால் வண்டி சாயவில்லை. ஆனால் கத்தரிக் கால்களுக்கு நடுவே என் பேரனுடைய பிளாஸ்டிக் லாரி அப்பளமாக நசுங்கிக் கிடந்தது. முந்தின நாள் சாயங்காலம் அவன் அங்கேதான் குப்புறப் படுத்துக்கொண்டு, லிஃப்டைப் பாலமாக வைத்து, சங்ககிரிக்கும் நாமக்கல்லுக்கும் லோடு அடித்துக்கொண்டிருந்தான்.

வால்வை மறுபடி கழற்றினேன். குண்டுக்கும் அது உட்காரும் இடத்துக்கும் நடுவில் கால் அங்குல நூல் ஒன்று. அவ்வளவுதான். குற்றம் லிஃப்டுடையது அல்ல, செய்தவனுடையதும் அல்ல, என்னுடையது. என் வீட்டில் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: "உங்க எண்ணெயை நம்பிப் பையனை இனி இந்தப் பக்கம் விடமாட்டேனுங்க." இன்ஜினியரிங் படித்த எனக்கு அதற்குப் பதில் இல்லை.

சங்ககிரிப் பட்டறைகளில் அனுபவப்பட்ட மெக்கானிக்கைப் பாருங்கள். டிப்பர் தொட்டியைத் தூக்கினால், முட்டுக் கொடுக்காமல் அதன் கீழே தலையை விடமாட்டார். அவர் பாஸ்கலைப் படித்திருக்க மாட்டார், ஆனால் தெரியும். எண்ணெயின் வேலை தூக்குவது. தாங்குவது இரும்பின் வேலை. ஆகவே ஏற்றியதும் பின்னைப் போடுங்கள். பிறகு ரிலீஸை மெல்லத் திறந்து, பாரம் பின்னில் உட்காருகிற வரை இறக்குங்கள். அதன் பிறகுதான் ஸ்பேனரைத் தொடுங்கள்.

பராமரிப்பு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

கையேட்டில் சொன்ன ஹைட்ராலிக் ஆயிலை மட்டும் ஊற்றுங்கள். பெரும்பாலும் 32 அல்லது 46 கிரேடாக இருக்கும். பிரேக் ஆயில் கூடவே கூடாது. அது கிளைக்கால் வகை. இந்தச் சீலை ஊதவைத்துக் கெடுத்துவிடும். அளவைத் தட்டு முழுக்க இறங்கிய நிலையில் பாருங்கள். ஏறிய நிலையில் நிரப்பினால், இறக்கும்போது எண்ணெய் திரும்பி வந்து வழியும்.

மிதித்தால் துள்ளுகிறது, பாதியில் நிற்கிறது என்றால் உள்ளே காற்று இருக்கிறது. பாரம் இல்லாமல் ரிலீஸைத் திறந்து வைத்துப் பத்துப் பதினைந்து முறை மிதித்து, மூடிப் பாருங்கள்.

நம் ஊரில் பஞ்சுத் தூசிக்குப் பஞ்சமில்லை. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து வைக்காதீர்கள். துடைக்க, நூல் உதிராத பழைய பருத்தி வேட்டித் துணி நல்லது. வேலை முடிந்தால் தட்டை இறக்கியே வையுங்கள். ராம் உள்ளே இருந்தால் துருவும் ஏறாது, தூசியும் ஒட்டாது. ராமில் ஒரு கீறல் விழுந்தால் அடுத்தடுத்து சீல் போகும்.

மூட்டுகளுக்குக் கிரீஸ் வையுங்கள். வெல்டிங்கில் விரிசல் உண்டா என்று பாருங்கள். தரை மட்டமான கான்கிரீட்டாக இருக்கட்டும். வடித்த பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். அது கடைசியில் நம் சரபங்கா ஆற்றுக்குத்தான் போகும்.

அந்த நசுங்கின லாரியை நான் தூக்கிப் போடவில்லை. லிஃப்டுக்கு நேர் எதிரே சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறேன். பெடலை மிதிக்கும்போதெல்லாம் கண்ணில் படும். கை தானாகப் பின்னைத் தேடும். பேரன் இப்போது பெரியவனாகிவிட்டான். போன மாதம் அவனே புல்லட்டை ஏற்றினான். நான் வாயைத் திறக்கவில்லை. பின்னைப் போட்டுவிட்டுத் திரும்பி, "போட்டுட்டேன் தாத்தா" என்றான்.

நம் பேராசிரியர்கள் அன்று பாஸ்கல் விதியைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினார்கள். எனக்குப் பாதிதான் ஏறியது. மீதியை ஒரு பொம்மை லாரி சொல்லிக் கொடுத்தது.