மாமாவின் இசைத்தட்டும் நண்பரின் காதும்

(சங்கத்தின் ஒன்றுகூடல் விழாவில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுநடையை ஆங்காங்கே அப்படியே விட்டிருக்கிறேன்.)



செயலாளர் முதலில் எனக்குக் கொடுத்த தலைப்பு "ஓய்வுக்காலச் சேமிப்பு". வங்கியில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டியவனிடம் வேறென்ன கேட்பார்? "சேமிப்பெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், நான் ஜாஸ் இசை பற்றிப் பேசறேனே" என்றேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சரி, பத்து நிமிஷத்துல முடிச்சிடுங்க" என்றார். முயற்சி செய்கிறேன்.

என் தாய்மாமா ஒரு சொல்தா. வெளியூரிலிருந்து வந்து படிக்கும் மாணவர்களுக்குச் சொல்கிறேன்: பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர்களை நம் ஊரில் அப்படித்தான் சொல்வோம். இந்தோசீனா, அல்ஜீரியா எல்லாம் பார்த்துவிட்டு 1966-ல் ஊர் திரும்பினார். ஒரு ரிக்கார்டு பிளேயரும் அறுபது எழுபது இசைத்தட்டுகளும் கூடவே வந்தன. அவருக்குப் பிடித்தது சிட்னி பெஷே. நியூ ஆர்லியன்ஸில் பிறந்து, கடைசிக் காலத்தில் பிரான்ஸிலேயே குடியேறி, 1959-ல் அங்கேயே கண்ணை மூடிய கலைஞர். அவருடைய 'பெத்தித் ஃப்ளேர்' என்ற மெட்டைப் போட்டுவிட்டு மாமா ஈஸிசேரில் சாய்ந்தால், அத்தை எத்தனை முறை கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டார்.

அந்தக் குவியலில் மாமா அதிகம் தொடாத தட்டு ஒன்று இருந்தது. மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'. மார்சேயில் யாரோ கொடுத்ததாம். "இதுல பாட்டே இல்லப்பா, யோசிச்சுக்கிட்டே இருக்கான்" என்பார். நான் பி.எஸ்ஸி. சேர்ந்த 1973-லிருந்து அது என் கையில்தான் இருந்தது.

என் வகுப்பில் வில்லியனூர்ப் பக்கத்து நாகஸ்வரக் குடும்பத்துப் பையன் ஒருவர் இருந்தார். பெயர் சொல்லவில்லை, என் செட்டில் எல்லோருக்கும் தெரியும். அவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுக்குக் கூட்டிப்போய் இந்தத் தட்டைப் போட்டேன். முதல் பாட்டு 'ஸோ வாட்'. அரை நிமிஷம் கேட்டவர், "இது கரகரப்பிரியாடா" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் விளக்கியதை இன்றைக்குத் தெரிந்த கணக்கோடு சேர்த்துச் சொல்கிறேன். மேற்கத்தியர் டோரியன் என்று சொல்லும் ஸ்வர வரிசையும் நம் இருபத்திரண்டாவது மேளகர்த்தாவான கரகரப்பிரியாவும் ஒன்றுதான். அந்தப் பாட்டு முப்பத்திரண்டு கட்டம் கொண்ட ஒரு சுற்று. கட்டத்துக்கு நாலு எண்ணிக்கை. முதல் பதினாறு கட்டம் ஓரிடத்தில் ஷட்ஜம். அடுத்த எட்டுக் கட்டத்துக்கு ஷட்ஜத்தையே அரைக்கட்டை மேலே தூக்கி வைத்து அதே ஸ்வர வரிசை. கடைசி எட்டில் பழையபடி கீழே. இந்தச் சுற்றை ஆவர்த்தனம் மாதிரி மனசில் பிடித்துக்கொண்டால், மேலே ஊதுகிறவர் எங்கே சுற்றினாலும் நீங்கள் தொலைய மாட்டீர்கள். ஜாஸ் புரியவில்லை என்பவர்களில் பாதிப்பேர் இந்தச் சுற்றை எண்ணிப் பார்க்காதவர்கள்தான். கல்பனாஸ்வரம் கேட்டுப் பழகிய காதுக்கு இது பெரிய வித்தையில்லை.

அதோடு விட்டாரா? மாமா வீட்டில் ஒரு ஹார்மோனியம் கிடந்தது. அதை இழுத்து வைத்து இரண்டு கட்டையை அழுத்திப் பார்த்துவிட்டு, "ஸ்ருதி ஒரு மயிரிழை ஏறி நிக்குது" என்றார். "ரிக்கார்டு பிளேயர் வேகமா ஓடுது" என்றேன். தட்டைத் திருப்பிப் போடச் சொன்னார். இரண்டாம் பக்கம் ஹார்மோனியத்தோடு சேர்ந்தது. "அதே மிஷின், அதே கரண்ட். மொதப் பக்கம் மட்டும் எப்படி ஏறும்? பதிவுலயே கோளாறு" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? உலகமே கொண்டாடுகிற ரிக்கார்டுக்கு நீ தப்புக் கண்டுபிடிக்கிறாயா, கோயில் வாசலில் ஊதுகிறவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றேன். இருபது வயசுத் திமிர். அவர் ஒன்றும் பதில் சொல்லவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். அதற்கப்புறம் வகுப்பில் பேசிக்கொண்டோம், ரெக்கார்டு நோட்டு மாற்றிக்கொண்டோம். மாமா வீட்டுக்கு மட்டும் அவர் வரவேயில்லை.

பிறகு வேலை, டிரான்ஸ்பர், கல்யாணம். 1990-களின் கடைசியில் நாக்பூரில் இருந்தபோது அதே ஆல்பத்தை சி.டி.யாக வாங்கினேன். கூட இருந்த குறிப்பைப் படித்தபோதுதான் எனக்குச் சுரீரென்றது. 1959 மார்ச் 2-ஆம் தேதி நியூயார்க்கில் கொலம்பியா கம்பெனியின் முப்பதாவது தெரு ஸ்டுடியோவில் முதல் பக்கத்தின் மூன்று பாட்டுகளையும் பதிந்தபோது, டேப் மிஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாக ஓடிய டேப்பைச் சரியான வேகத்தில் போட்டால் ஸ்ருதி ஏறத்தானே செய்யும்? ஏப்ரல் 22-ஆம் தேதி பதிந்த இரண்டாம் பக்கத்தில் அந்தக் கோளாறு இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் உலகம் பூராவும் ஸ்ருதி ஏறிய முதல் பக்கத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. 1992-ல் வந்த மறுபதிப்பில்தான் சரிசெய்தார்கள்.

அன்றைக்கு ராத்திரியே அவருக்கு நாலு பக்கம் கடிதம் எழுதினேன். பதிலுக்கு ஒரு கார்டு வந்தது. "அப்பவே தெரியும். ரெண்டாம் பக்கம் இன்னொரு தடவை கேக்கணும். ஊருக்கு வந்தா எடுத்துட்டு வா." அவ்வளவுதான். நானும் ஊருக்கு வந்துகொண்டுதான் இருந்தேன். ஒரு தடவை காதுகுத்து, ஒரு தடவை வீட்டுப் பத்திரம், ஒரு தடவை பிள்ளைக்குக் காலேஜ் அட்மிஷன். தட்டு பெட்டியிலேயே இருந்தது. 2004-ல் அவர் காலமானார். நான் தகவல் கேட்டு வந்து சேர்ந்தபோது பதினாறாம் நாள் காரியம் முடிந்திருந்தது.

(இந்த இடத்தில் கொஞ்சம் தண்ணீர் குடித்தேன்.)

சரி, எதைக் கேட்பது? மாணவர்கள் இதைத்தான் கேட்பீர்கள். ஜாஸ் பிடித்தவர்கள் செய்யும் பெரிய தப்பு, தங்களுக்குப் பிடித்ததிலேயே கடினமானதை எடுத்து அடுத்தவர் தலையில் கட்டுவது. நானும் செய்திருக்கிறேன். புதிதாகச் சேர்ந்த சகஊழியர் ஒருவருக்கு ஆர்னெட் கோல்மனின் 'ஃப்ரீ ஜாஸ்' போட்டுக் காட்டினேன். இரண்டு குழுக்கள் ஒரே சமயத்தில், முப்பத்தேழு நிமிஷம். அதோடு அவர் என் வீட்டுப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார். யாருக்கு எது ஒத்துவரும் என்று பார்த்துக் கொடுக்க வேண்டும்.

குரல் இல்லாமல் இசையே இல்லை என்பவர்களுக்கு 1956-ல் வந்த 'எல்லா அண்ட் லூயி'. எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டின் குரல் வெண்ணெய், லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கின் குரல் சரளைக்கல். இரண்டும் சேர்ந்தால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். ரஹ்மான் ரசிகர்கள் 'இருவர்' படத்தின் 'வெண்ணிலா வெண்ணிலா' வழியாக இதற்குள் நுழைந்துவிடலாம்.

தாளப் பைத்தியங்களுக்கு டேவ் புரூபெக்கின் 'டைம் அவுட்', 1959. இதில் நமக்கும் ஒரு சொந்தம் உண்டு. 1958-ல் அமெரிக்க அரசு அனுப்பிய சுற்றுப்பயணத்தில் புரூபெக் குழு சென்னைக்கு வந்தது. அங்கே மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையைச் சந்தித்தார்கள். டிரம்ஸ்காரர் ஜோ மொரெல்லோ நம் லய வித்வானோடு உட்கார்ந்திருந்த காட்சியை நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கும். அதே பயணத்தில் இஸ்தான்புல் தெருவில் கேட்ட இரண்டு-இரண்டு-இரண்டு-மூன்று என்ற ஒன்பது எண்ணிக்கைதான் 'ப்ளூ ராண்டோ' ஆனது. 'டேக் ஃபைவ்' அஞ்சு எண்ணிக்கை. அதை நானும் என் நண்பரும் சிற்றலை ரேடியோவில் 'வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா'வின் ஜாஸ் நிகழ்ச்சியில் கேட்டோம். வில்லிஸ் கானோவர் 1955-லிருந்து நடத்திய நிகழ்ச்சி அது. ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்தவனுக்கும் புரிகிற மாதிரி நிறுத்தி நிறுத்திப் பேசுவார். என் ஆங்கிலமே பாதி அவர் போட்ட பிச்சை. அன்றைக்கு நண்பர் தொடையில் தட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம கண்ட சாப்பு ரெண்டும் மூணும். இவன் மூணும் ரெண்டுமா போடறான், கணக்கு ஒண்ணுதான்" என்றார். நான் முட்டாள்தனமாகப் பேசுவதற்கு முந்தின வருஷம் அது.

பக்தி உள்ளவர்களுக்கு ஜான் கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்'. 1964 டிசம்பரில் பதிவானது. கடைசிப் பகுதியில் அவர் சாக்ஸபோனில் வாசிப்பது வெறும் மெட்டு இல்லை. தான் எழுதிய பிரார்த்தனையைச் சொல்சொல்லாக, வாய் திறக்காமல், குழலிலேயே சொல்கிறார். நாகஸ்வரத்தில் சாகித்யம் பேசுவதைக் கேட்டவர்களுக்கு இது வேற்றிசையாகவே தோன்றாது. அவர் மனைவி ஆலிஸ் கோல்ட்ரேன் 1971-ல் வெளியிட்ட 'ஜர்னி இன் சச்சிதானந்தா' நம் கோயம்புத்தூர்ப் பக்கம் செட்டிப்பாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தாவின் பெயர் தாங்கியது. தம்புரா ஒலிக்கும், பக்கத்தில் ஹார்ப் ஒலிக்கும்.

நம்மவர்கள் வாசித்தது வேண்டுமென்றால் 1976-ல் வந்த 'சக்தி'. ஜான் மெக்லாக்லின் கிடார், எல்.சங்கர் வயலின், ஜாகீர் உசேன் தபலா, விக்கு விநாயக்ராமின் கடம். கத்ரி கோபால்நாத்தும் ருத்ரேஷ் மகந்தப்பாவும் இரண்டு சாக்ஸபோனோடு மோதும் 'கின்ஸ்மென்' 2008. விஜய் ஐயர் என்ற அமெரிக்கத் தமிழர் பியானோவில் இருக்கும் 'திர்தா' 2011. இவை எல்லாம் இன்று உங்கள் செல்போனிலேயே கிடைக்கும். நாங்கள் சிற்றலையில் கரகரப்புக்கு நடுவே தேடின மாதிரி தேட வேண்டாம்.

இப்போது நான் இங்கே வந்த காரியம். மாமா 1991-ல் காலமானபோது நான் வெளியூரில். வீட்டைக் காலி செய்த அவசரத்தில் தட்டுகள் பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போயின. என்னிடம் இரவல் இருந்த பதினொன்று மட்டும் தப்பின. பெஷே ஒன்றுகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் இன்றும் தேடுகிறேன். உறை இல்லாமல், தரையில், வெயிலில் கிடக்கும் தட்டுகளைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

உங்களில் பலர் சொல்தா வீட்டுப் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். வீட்டை இடித்துக் கட்டுவதற்கு முன் ஒரே ஒரு தடவை பரணில் ஏறிப் பாருங்கள். தட்டு கிடைத்தால் படுக்கப்போட்டு அடுக்காதீர்கள், நிமிர்த்தி வையுங்கள். வெயில் படக்கூடாது. நம் கடற்கரைக் காற்றில் பூஞ்சை பிடித்திருக்கும். வடிநீரில் ஒரு சொட்டு மென்மையான சோப்புத் திரவம் விட்டு, நடுவில் இருக்கும் காகிதம் நனையாமல், கோடு போகும் திசையிலேயே பஞ்சால் துடையுங்கள். கனமாக, சீக்கிரம் உடைகிற மாதிரி இருந்தால் அது பழைய அரக்குத் தட்டு. அதில் ஸ்பிரிட் மட்டும் தொடவே கூடாது, அரக்கு கரைந்துவிடும். வேண்டாம் என்று முடிவு செய்தாலும் எடைக்குப் போடாமல் சங்கத்தில் கொடுங்கள்.

மாதத்தின் முதல் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு என் வீட்டு மாடியில் தட்டு போடலாம் என்றிருக்கிறேன். விலாசம் செயலாளரிடம் இருக்கிறது. பாய் விரித்திருக்கும், சுக்குக் காப்பி உண்டு. மாணவர்கள் தாராளமாக வரலாம். ஸ்ருதி சரியில்லை என்று தோன்றினால் தயங்காமல் சொல்லலாம், ஹார்மோனியமும் பக்கத்திலேயே இருக்கும். முதல் கூட்டத்தில் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வின் இரண்டாம் பக்கம்.

பத்து நிமிஷம் தாண்டிவிட்டது. செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.