இடம் கிடைத்த பிறகு

(எளாவூர் பகுதிப் பள்ளி ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். உரையாற்றியவர் ஏரிக்கரைக் குப்பம் ஒன்றைச் சேர்ந்தவர்; பொறியியல் கல்லூரியில் முதலாமாண்டு மாணவர்களுக்குப் பாடம் நடத்தும் உதவிப் பேராசிரியர்.)



எளாவூர் ரயில் நிலையத்தில் இறங்கி நான் பேச வருவது இதுதான் முதல்முறை. இங்கிருந்து ஏறிப் போனதுதான் அதிகம். 2007ஆம் ஆண்டு ஒரு டிரங்குப் பெட்டியோடும், கையில் ஒரு பிளாஸ்டிக் வாளியோடும் இதே நிலையத்தில் ரயில் ஏறினேன். பொறியியல் கல்லூரிக்கு நுழைவுத் தேர்வு இல்லாமல் சேர்க்கை நடந்த முதல் ஆண்டு அது. கணக்கில் பாதி, இயற்பியலில் கால், வேதியியலில் கால் என்று 200க்குக் கட் ஆஃப் போட்டார்கள். நுழைவுத் தேர்வு இருந்திருந்தால் எனக்கு இடம் கிடைத்திருக்காது. பயிற்சி வகுப்புக்குப் போக சென்னையில் தங்க வேண்டும். அதற்கு எங்கள் நைனாவிடம் பணமில்லை. (எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்றுதான் அழைப்போம். வெளியூரிலிருந்து வந்த ஆசிரியர்களுக்காகச் சொல்கிறேன்.)

எப்படி இடம் கிடைத்தது என்பதைப் பற்றிப் பேசத்தான் பெரும்பாலும் என்னை அழைப்பார்கள். 'குப்பத்திலிருந்து பொறியாளர்' என்று பேனரும் வைப்பார்கள். இன்று அதைப் பேசப் போவதில்லை. இடம் கிடைத்த பிறகு நடந்ததைப் பேசப் போகிறேன்.

கல்லூரியில் மூன்றாவது வாரம். கணக்கு வகுப்பு. பேராசிரியர் நல்லவர், வேகமாக ஆங்கிலத்தில் பேசுவார். 'ரேங்க்', 'ரேங்க்' என்று சொல்லிக்கொண்டே போகிறார். எனக்குத் தெரிந்த ரேங்க் ஒன்றே ஒன்று, பள்ளியில் மாதத் தேர்வு முடிந்ததும் அட்டையில் போட்டுக் கொடுப்பீர்களே, அது. மேட்ரிக்ஸுக்கு எதற்கு ரேங்க் போடுகிறார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பிறகு 'டிடர்மினன்ட்' என்றார். அதுவும் புரியவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து கரும்பலகையில் இரண்டு நெட்டுக் கோடுகள் போட்டு நடுவே எண்களை எழுதினார். அப்போதுதான் தெரிந்தது, இது அணிக்கோவை! நான் பன்னிரண்டாம் வகுப்பில் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் போடுவேனே, அதே அணிக்கோவை. ரேங்க் என்றது அணியின் தரம். அதற்குள் மணி அடித்துவிட்டது.

இதை இப்போது சிரித்துக்கொண்டே சொல்கிறேன். அன்று சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவன் எழுதிக்கொண்டே போனான். எனக்குத் தெரிந்த பாடம்தான் நடக்கிறது, ஆனால் எனக்குத் தெரியவில்லை. இந்த நிலையை எப்படிச் சொல்வது? தெரியாத பாடமென்றால் கேட்டுவிடலாம். தெரிந்த பாடம் தெரியாமல் போகும்போது, தப்பு நம்மிடம்தான் என்று தோன்றிவிடுகிறது. முடுக்கம் தெரியும், 'ஆக்ஸிலரேஷன்' தெரியாது. உந்தம் தெரியும், 'மொமென்டம்' தெரியாது. மின்தேக்கி தெரியும், 'கெப்பாசிட்டர்' தெரியாது. கை தூக்கிக் கேட்க வாய் வரவில்லை. எந்த மொழியில் கேட்பது?

முதல் செமஸ்டர் முடிவு வந்தது. ஆறு தாளில் நான்கில் அரியர். பள்ளியில் ஒரு மாதத் தேர்வில்கூடத் தவறியதில்லை. அந்த வெள்ளிக்கிழமையே பெட்டியை விடுதியில் விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன். 2008 பிப்ரவரி. மூன்று வாரம் போகவில்லை.

வீட்டில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. விடுமுறை என்று நினைத்துக்கொண்டார்கள், அல்லது அப்படி நினைப்பதுபோல் இருந்தார்கள். நைனாவோடு பாட்டுக்குப் போனேன். ஏரியில் எந்த நாள் எந்தக் குடும்பம் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வதை இங்கே 'பாடு' என்பார்கள். உங்கள் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் பாதிப் பேர் வீட்டில் அந்தச் சொல் தினமும் புழங்கும். எங்கள் முறை வந்த இரவுகளில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வலை கட்டினேன். அந்த வேலை எனக்கு நன்றாக வரும். அதுதான் ஆபத்தே. ஒரு வேலை நன்றாக வரும் இடத்தை விட்டு, ஒன்றும் வராத இடத்துக்கு யார் திரும்பிப் போவார்கள்?

எங்கள் கணக்கு ஆசிரியரை என் அம்மா சந்தையில் பார்த்திருக்கிறார். 'பையன் காலேஜ் போகாம வலைக்குப் போறான் சார்' என்று மட்டும் சொல்லியிருக்கிறார். மறுநாள் சாயங்காலம் சார் சைக்கிளில் வந்துவிட்டார்.

அவர் எனக்கு அறிவுரை சொல்லவில்லை. 'உன்னால் முடியும்' என்றும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் நான் தலையை ஆட்டிவிட்டு மறுநாளும் ஏரிக்குத்தான் போயிருப்பேன். அவர் கேட்டது, "கொஸ்டின் பேப்பர் வச்சிருக்கியாடா?"

எடுத்து வந்து கொடுத்தேன். அவரும் தமிழ்வழியில் படித்தவர்தான். விரலை வைத்து, சொல் சொல்லாக மெதுவாகப் படித்தார். புரியாத இடத்தில் நிறுத்தி என்னைக் கேட்டார். எனக்கும் தெரியாது. இரண்டு பேரும் அகராதியைப் பார்த்தோம். என் ஆசிரியருக்கு ஒரு சொல் தெரியவில்லை, அதைச் சொல்ல அவர் வெட்கப்படவில்லை என்பதை அன்றுதான் பார்த்தேன். நாலாவது கேள்வியில் நிறுத்தி, "டேய், இது மாதிரிதான் நீ எனக்குப் பத்து மார்க் எழுதிக் கொடுத்தே" என்றார். ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து நடுவில் கோடு போட்டார். இடது பக்கம் அணிக்கோவை, வலது பக்கம் டிடர்மினன்ட். இடது பக்கம் வகையிடல், வலது பக்கம் டிஃபரன்ஷியேஷன். இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் பொருளடக்கம் முழுவதையும் இப்படி எழுதினோம். அவ்வளவுதான் அவர் செய்தது. திங்கட்கிழமை நான் ரயில் ஏறினேன். நான்கு அரியரையும் முடிக்க மூன்றாம் ஆண்டு வரை ஆனது. அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது, ஒரு மூலை ஏரித் தண்ணீரில் ஊறிப் போயிருக்கும்.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது, நல்லவிதமாக. 2010-11 முதல் குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை வந்தது; எனக்கு அது கிடைக்கவில்லை, நான் வங்கிக் கடனில் படித்தவன். அதே ஆண்டில் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடவியலையும் இயந்திரவியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. 2021இல் வந்த சட்டத்தால், ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்கல்வியில் 7.5 விழுக்காடு இடம் முன்னுரிமையாகக் கிடைக்கிறது. அவர்களது கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. 2022 முதல் மாணவிகளுக்குப் புதுமைப் பெண், 2024 முதல் மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன், மாதம் 1,000 ரூபாய். எங்கள் காலத்தில் பிள்ளைகள் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். இப்போது உள்ளே வருகிறார்கள். உள்ளே வந்த பிறகு என்ன ஆகிறது என்பதைப் பார்க்கும் வேலை என்னைப் போன்றவர்களுக்கு.

அந்த வேலையை நான் ஒழுங்காகச் செய்யவில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

2022இல் 7.5 விழுக்காட்டில் ஒரு பையன் என் வகுப்பில் சேர்ந்தான். அவனும் ஏரிக்கரைப் பையன்தான். வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், கல்லூரியில் ஆங்கிலம். 2020இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ரத்தாகி எல்லோரும் தேர்ச்சி பெற்றார்களே, அந்த அணி. பதினொன்றாம் வகுப்பைப் பெரும்பாலும் போனில் படித்தவன். நான்தான் அவனுடைய வகுப்பு ஆலோசகர். முதல் இன்டர்னல் தேர்வில் மதிப்பெண் குறைந்தது, பார்த்தேன். வருகைப் பதிவு குறைந்தது, அதையும் பார்த்தேன். ஒருநாள் கூப்பிட்டு, "நானும் உன்னை மாதிரிதாம்பா, கஷ்டப்பட்டுப் படி, வந்துடும்" என்றேன். தலையை ஆட்டினான். அந்தத் தலையாட்டலை நான் அடையாளம் கண்டிருக்க வேண்டும். கேள்வித்தாளைக் கொண்டு வா என்று கேட்கத் தோன்றவில்லை. எனக்கு அறுபது பேர் பட்டியல், ஒரு ஆய்வகம், ரெக்கார்ட் நோட்டுத் திருத்தம் எல்லாம் இருந்தன. இதெல்லாம் காரணம் என்று உங்களிடம் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இதைவிடப் பெரிய பட்டியல்கள் உங்களிடம் இருக்கின்றன. இரண்டாம் செமஸ்டர் பாதியில் அவன் வரவில்லை. நான் போன் செய்தேன், எடுக்கவில்லை. கல்லூரி எண்ணிலிருந்து வரும் அழைப்பை எந்தப் பையன் எடுப்பான்? நானே அன்று எடுத்திருக்க மாட்டேன்.

ஆனால் தன் பள்ளி ஆசிரியர் கூப்பிட்டால் எடுப்பான். உங்களிடம் ஒன்று கேட்கிறேன் என்றால் இதைத்தான் கேட்கிறேன். ஜூலையில் கலந்தாய்வுக்கு நீங்களே கூட்டிப் போகிறீர்கள், விண்ணப்பம் நிரப்பித் தருகிறீர்கள், எனக்குத் தெரியும். கல்லூரி திறந்து ஆறாவது வாரம், முதல் இன்டர்னல் முடிந்த பிறகு, ஒரு போன் பண்ணுங்கள். 'நல்லா இருக்கியா' என்று கேட்டால் நல்லா இருக்கேன் என்பான். எந்தத் தாளில் எத்தனை மார்க் என்று கேளுங்கள். அரியர் என்பதைப் பற்றிப் பன்னிரண்டாம் வகுப்பிலேயே சொல்லி அனுப்புங்கள். பள்ளியில் முதல் மாணவனாக இருந்தவனுக்கும் அது வரும், திரும்ப எழுதலாம் என்று தெரிந்து போகட்டும். எனக்கு யாரும் சொல்லவில்லை. நான்கு அரியர் என்றால் கல்லூரியே முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

உயர்நிலை, மேல்நிலை வகுப்பு ஆசிரியர்கள் ஒரு கலைச்சொல்லைச் சொல்லும்போது கரும்பலகையின் ஓரத்தில் ஆங்கிலச் சொல்லையும் எழுதி, இரண்டு முறை வாய்விட்டுச் சொல்ல வையுங்கள். தமிழ்ச் சொல்லை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். அணிக்கோவை என்ன என்பது எனக்குத் தமிழில்தான் புரிந்தது. அதனால்தான் இன்றுவரை மறக்கவில்லை. அப்துல் கலாம் எம்.ஐ.டி.யில் படிக்கும்போது அங்கிருந்த தமிழ்ச் சங்கம் நடத்திய கட்டுரைப் போட்டியில், நம் விமானத்தை நாமே செய்ய வேண்டும் என்று தமிழில் எழுதி முதல் பரிசு வாங்கியிருக்கிறார். விமானத்தைத் தமிழில் யோசித்தவரால் ஆங்கிலத்தில் வரையவும் முடிந்தது.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள், 'பொறியியலுக்கும் எங்களுக்கும் என்ன' என்று நினைக்க வேண்டாம். முதலாண்டில் பிள்ளைகளைக் கவிழ்க்கும் இன்னொரு தாள் பொறியியல் வரைபடம். ஒரு பொருளை முன்னாலிருந்து பார்த்தால் எப்படி, மேலிருந்து பார்த்தால் எப்படி, சாய்வாக வெட்டினால் உள்ளே எப்படி என்று வரைய வேண்டும். இதற்கு ஆங்கிலம் வேண்டாம், கண் வேண்டும். தீப்பெட்டியை மேசைமேல் வைத்து, மேலிருந்து பார்த்து வரையச் சொல்லுங்கள். சத்துணவுக் கூடத்திலிருந்து ஒரு கேரட் வாங்கி நேராக வெட்டினால் வட்டம், சாய்த்து வெட்டினால் நீள்வட்டம் என்று காட்டுங்கள். நான் இன்றும் கல்லூரி வகுப்பில் கேரட்டைத்தான் வெட்டுகிறேன். பதினெட்டு வயதில் முதல்முறையாக ஆச்சரியப்படுகிறார்கள். படகைக் கரையில் நின்று பார்த்த பிள்ளைக்கும், மரத்தில் ஏறிப் பார்த்த பிள்ளைக்கும் அது வேறு வேறாகத் தெரியும் என்று உங்கள் மூன்றாம் வகுப்புக்குத் தெரியும். அதைத் தாளில் வரைய மட்டும் யாரும் கேட்பதில்லை.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். ஏரிக்கு அக்கரை ஸ்ரீஹரிகோட்டா. எங்கள் குப்பத்தில் ராக்கெட் என்றால் அன்று தண்ணீரில் இறங்கக் கூடாது, தொழில் இல்லை என்று பொருள். 2008 அக்டோபரில் சந்திரயான் அங்கிருந்துதான் போனது. அதன் திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை பொள்ளாச்சிப் பக்கம் கோதவாடியில் பிறந்து தமிழ்வழியில் படித்தவர், கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் பி.இ. முடித்தவர் என்பதைப் பிறகு செய்தித்தாளில் படித்தேன். அப்போது எனக்கு இரண்டு அரியர் பாக்கி இருந்தது. அவருக்கு முதலாண்டு எப்படி இருந்திருக்கும் என்றுதான் யோசித்தேன்.

அந்தப் பையனைப் பற்றி முடித்துவிடுகிறேன். சென்ற மாதம் அவன் வீட்டுக்குப் போனேன், அவனுடைய பழைய கணக்கு ஆசிரியையையும் அழைத்துக்கொண்டு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளியாக ஷிப்ட் வேலை பார்க்கிறான். என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டான். டீச்சர் வாசலில் உட்கார்ந்து, "கொஸ்டின் பேப்பர் இருந்தா எடுத்துட்டு வாப்பா, பார்ப்போம்" என்றார். வழியில் நான் அவரிடம் என் கதையைச் சொல்லியிருந்தேன். கால் மணி நேரம் கழித்து அவன் ஒரு பையோடு வெளியே வந்தான். எல்லா வினாத்தாளையும் மடிக்காமல் வைத்திருந்தான்.

இடையில் நின்றவர்கள் மீண்டும் சேர விதிமுறையில் வழி இருக்கிறது. விண்ணப்பத்தில் அவனுடைய கையெழுத்து வாங்கிவிட்டேன். அவன் அப்பா கடலிலிருந்து திரும்பியதும் அவரும் போட வேண்டும். இங்கிருந்து நேராக அங்கேதான் போகிறேன்.