இருதயத்தைத் தைக்கும் கைகள்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பிள்ளைகளின் உயர்கல்வி பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தபோது நாம் மிகவும் தயங்கினோம். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, சரக்கு அலுவலகத்தில் கணக்கு எழுதிக் காலந்தள்ளும் நாம், மருத்துவக் கல்வியைப் பற்றிப் பேசுவது தகுமா? ஆயினும், ஓர் இருதய ரண சிகிச்சை நிபுணர் உருவாவதை நம் குவார்ட்டர்ஸின் அடுக்களை வாசலிலிருந்தே பார்த்து வருகிறோம். பார்த்ததைச் சொல்லலாம் என்ற துணிவோடு வந்திருக்கிறோம்.

நம் தமக்கையாரின் மகனைப் பலரும் அறிவீர்கள். தந்தையை இளமையிலேயே இழந்து, நம் வீட்டில் வளர்ந்த பிள்ளை. அவன் எம்.பி.பி.எஸ். தேறி வந்த அன்று இந்தக் காலனியே திரண்டு வாழ்த்தியது. இனி ஒரு மருந்தகத்தில் அமர்ந்து சம்பாதிப்பான், தாயின் கஷ்டம் தீரும் என்று நாம் மகிழ்ந்திருந்தோம். அவனோ, "மாமா, நான் இருதய சர்ஜன் ஆகவேண்டும், இன்னும் ஆறு வருஷம் படிக்க வேண்டும்" என்றான்.

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்: நாம் அன்று அவனைத் தடுத்தோம். "உன் தாய் ஒரு மாதச் சம்பளமாவது கண்ணாற் காண வேண்டாமா?" என்று கேட்டோம். அவன் பதில் பேசாமல் எழுந்து ஸ்டேஷன் பக்கம் போய்விட்டான். மூன்று நாள் வீட்டில் பேச்சே இல்லை.

கணக்கு எழுதுபவர் அல்லவா நாம்? ஒரு தாளை எடுத்துக் கூட்டிப் பார்த்தோம். நீங்களும் கூட்டிப் பாருங்கள். பதினெட்டு வயதில் நீட் தேர்வு தேறிக் கல்லூரியில் சேருகிறான். எம்.பி.பி.எஸ். பாடம் நாலரை ஆண்டு. ஆஸ்பத்திரியில் கட்டாயப் பயிற்சி ஓர் ஆண்டு. பின்பு முதுநிலை நீட் தேர்வு. அதற்கே ஓராண்டு வீட்டில் உட்கார்ந்து படிப்பவர் பலர். பொது ரண சிகிச்சையில் எம்.எஸ். மூன்று ஆண்டு. மீண்டும் ஒரு தேர்வு, சூப்பர் ஸ்பெஷாலிட்டி நீட். அதன்பின் இருதயம், நெஞ்சு, இரத்தக் குழாய் ஆகியவற்றின் ரண சிகிச்சையில் எம்.சிஎச். மூன்று ஆண்டு. தடையின்றிச் சென்றால்கூட முப்பது வயது வந்துவிடுகிறது. எம்.பி.பி.எஸ். முடித்தவுடன் நேரே சேர்ந்து ஆறு ஆண்டில் முடிக்கும் வழியும் தேசியத் தேர்வு வாரியத்தின் கீழ் உண்டு. கூட்டுத்தொகையில் பெரிய வித்தியாசமில்லை. பட்டம் பெற்ற பின்பும் ஒரு மூத்த நிபுணரின் கீழ்ச் சில ஆண்டுகள் பணியாற்றிய பிறகே தனியாகக் கத்தி பிடிக்கும் துணிவு வருகிறது.

அந்தத் தாளைக் கண்டு நாம் மலைத்திருந்த வேளையில், நம் மனத்தை மாற்றியவர் அடுத்த குவார்ட்டர்ஸில் இருக்கும் லோகோ பைலட் அண்ணாச்சி. அவர் ஒன்றுதான் கேட்டார்: "தம்பி, நான் வேலையில் சேர்ந்த முதல் நாளே மெயில் வண்டியை என் கையில் கொடுத்தார்களா?"

உண்மைதானே! முதலில் அசிஸ்டன்ட், பின்பு ஷண்டிங், பின்பு கூட்ஸ், பின்பு பாசஞ்சர், கடைசியில்தான் மெயில். புதிய பாதையானால், எங்கே சிக்னல், எங்கே வளைவு, எங்கே ஏற்றம் என்று பலமுறை உடன் சென்று கற்றறிந்த பிறகே தனியாக வண்டி எடுக்க விடுகிறார்கள். ஆயிரம் உயிர்களைப் பின்னால் கட்டி இழுப்பவருக்கு அந்த விதி என்றால், ஓர் உயிரைக் கையிலேயே ஏந்துபவருக்கு எத்தனை விதி வேண்டும்!

அவன் எம்.எஸ். சேர்ந்த பிறகுதான் இந்தக் கல்வியின் தன்மை நமக்கு விளங்கலாயிற்று. முதல் மூன்றாண்டில் இருதயத்தின் பக்கமே பெரும்பாலும் போவதில்லை. குடலிறக்கம், குடல்வால், பித்தப்பை என்று உடம்பு முழுவதையும் கற்கவேண்டும். திசுவை மென்மையாகப் பிடிப்பதும், முடிச்சை இறுக்கமாகப் போடுவதும் அங்கே கைக்குப் பழகுகின்றன. விடுமுறையில் வந்தபோது நம் வீட்டு நாற்காலிக் காலில் நூலைக் கட்டி, ஒற்றைக் கையால் முடிச்சுப் போட்டுக்கொண்டே இருந்தான். நம் மனைவியார் அந்த நூல்களை அவிழ்க்க மாட்டாமல் கத்தரித்தார்.

எம்.சிஎச். படிப்பிலோ வேலை வேறு. மார்பெலும்பை ரம்பத்தால் பிளப்பது. காலிலிருந்து ஒரு நாளத்தைச் சேதமின்றி எடுப்பது. இறுதியில் எஃகுக் கம்பியால் எலும்பைச் சேர்த்துக் கட்டுவது. இவை முதலில் கைக்கு வருபவை. பின்புதான் இருதயம். உடலின் இரத்தத்தை இருதய - நுரையீரல் இயந்திரத்துக்குத் திருப்பிவிட்டு, பொட்டாசியம் கலந்த திரவத்தைச் செலுத்தி இருதயத்தின் துடிப்பை நிறுத்துகிறார்கள். நின்ற இருதயத்தின்மேல், தலைமயிரை ஒத்த நூலால், சில மில்லிமீட்டர் அகலமுள்ள குழாய்களை ஒன்றோடொன்று தைக்கவேண்டும். கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். நேரம் நீள நீள இருதயத்துக்கு ஆபத்து. தையல் ஓரிடம் தளர்ந்தாலும் இரத்தம் கசியும்.

சிகிச்சை முடிந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று எண்ணாதீர்கள். அன்றிரவு நோயாளியின் கட்டிலருகே நின்று, மார்பிலிருந்து வரும் குழாயில் மணிக்கு எவ்வளவு இரத்தம் வடிகிறது என்று பார்த்திருப்பவனும் இந்த மாணவனே. இருதயம் மட்டுமா? சீழ் கட்டிய நெஞ்சு, க்ஷயத்தால் பழுதடைந்த நுரையீரல், புற்றுநோய், பிறவியிலேயே இருதயத்தில் துவாரமுள்ள குழந்தை எல்லாம் அவன் பாடமே.

இது கைக்குக் கை மாறிவரும் வித்தை. அமெரிக்காவில் ஜான் கிப்பன் என்பார் இருதய - நுரையீரல் இயந்திரத்துக்காக ஏறத்தாழ இருபது ஆண்டு உழைத்தார். அவர் மனைவி மேரியும் ஆய்வுக்கூடத்தில் உடன் உழைத்தார். 1953 மே மாதத்தில்தான் அந்த இயந்திரத்தின் துணையால் பதினெட்டு வயதுப் பெண்ணொருத்தியின் இருதயத் துவாரத்தை அடைக்க முடிந்தது. நம் நாட்டில், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த ரீவ் பெட்ஸ் என்ற அமெரிக்கர் நெஞ்சு ரண சிகிச்சைக்கு வித்திட்டார். அவரிடம் பயின்ற டாக்டர் கோபிநாத் பின்னர் தில்லி எய்ம்ஸில் இத்துறையை வளர்த்தார். கோபிநாத்தின் வழிவந்த டாக்டர் வேணுகோபால், 1994 ஆகஸ்டில் இந்தியாவின் முதல் வெற்றிகரமான இருதய மாற்றுச் சிகிச்சையை அங்கே செய்தார். குருவின் எதிரே நின்று கற்றவர், பின்பு குருவாகி நின்றார்.

ரயில்வே குடும்பத்தார் நெஞ்சு நிமிர்த்திக் கொள்ளவும் ஒரு செய்தி உண்டு. அடைபட்ட இருதயக் குழாய்க்கு மாற்றுப் பாதை அமைக்கும் பைபாஸ் சிகிச்சை இந்தியாவில் முதன்முதலாக வெற்றி பெற்றது பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில்தான். 1975-இல் டாக்டர் கே. எம். செரியன் அதைச் செய்தார்.

நிற்க. இதனைக் கேட்டு, "நம் பிள்ளையையும் இருதய டாக்டராக்கிவிடுவோம்" என்று எவரேனும் இன்றிரவே முடிவு கட்டினால் அது நம் பேச்சின் பிழையாகும். ரண சிகிச்சையின்றிக் குழாய் வழியே ஸ்டென்ட் வைக்கும் முறை பெருகியதாலும், கற்கும் காலம் நீள்வதாலும், அண்மை ஆண்டுகளில் இத்துறையின் இடங்கள் பல நிரம்பாமலே போயிருக்கின்றன. எம்.எஸ்., எம்.சிஎச். காலத்தில் உதவித்தொகை உண்டு. ஆனால் சில ஆண்டு அரசுப் பணி செய்வதாகப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டிய இடங்களும் உண்டு. சேருமுன் அதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, விருப்பம் பிள்ளையினுடையதாக இருக்கவேண்டும். நள்ளிரவில் எழுந்தோடும் கால்கள் அவனுடையவை, நம்முடையவை அல்ல.

பெற்றோரிடம் நாம் வேண்டுவது இது: பிள்ளையைத் தள்ளவும் வேண்டாம், இழுக்கவும் வேண்டாம். கணக்கை முழுவதும் அவனோடு உட்கார்ந்து போடுங்கள். ஒப்புக்கொண்ட பின், "இன்னும் முடியவில்லையா?" என்று மாதந்தோறும் கேளாதீர்கள். அந்த ஆண்டுகள் வீணாவதில்லை. முகமறியாத ஒரு நோயாளிக்காகச் சேமிக்கப்படுகின்றன.

தாய்மார்களுக்கும் ஒரு சொல். குழந்தைக்குத் தொண்டைவலியும் காய்ச்சலும் வந்து, பின்னர் மூட்டுகள் வீங்கினால் அசட்டையாய் இராதீர்கள். அந்த ருமாட்டிக் காய்ச்சல் இருதயத்தின் வால்வைக் கெடுக்கவல்லது. டாக்டர் சொன்ன பெனிசிலின் ஊசியை நாள் தவறாமல் போட்டுவந்தால், பிற்காலத்தில் சர்ஜனின் கத்திக்கு வேலையே இல்லாமற் போகலாம்.

நம் மருமகனுக்கு இன்னும் ஓராண்டுப் படிப்பு இருக்கிறது. சென்ற மாதம் ஒருநாள் இரவு பத்து மணிக்குத் தொலைபேசியில் அழைத்தான். "மாமா, இன்று பெரிய டாக்டர் எதிரே நின்றுகொண்டு, முதல் இணைப்பை என்னையே தைக்கச் சொன்னார். இரத்தத்தைத் திறந்துவிட்டதும் கசியவில்லை. இருதயம் தானே துடிக்க ஆரம்பித்தது" என்றான். நமக்குப் பேச்சு எழவில்லை. தொலைபேசியைத் தமக்கையாரிடம் கொடுத்தோம். அவர், "சாப்பிட்டாயா, அப்பா?" என்று மட்டும் கேட்டார்.

அன்று நாம் கணக்குப் போட்ட தாள் இன்னும் பெட்டியில் இருக்கிறது. அதில் கூட்டல் சரியாகவே இருந்தது. அந்த நோயாளியை மட்டும் நாம் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.