கொடுத்த பிறகு விட்டுவிடுவோம்
(குறுவளமையக் கூட்டத்தில் பேசியது)

திருக்குறளின் 52-ஆம் அதிகாரம் ‘தெரிந்து வினையாடல்’. இவ்வேலையை இவ்வழியில் இவர் முடிப்பார் என்று ஆராய்ந்தபின், அதை அவரிடமே விட்டுவிடச் சொல்கிறது அதன் 517-ஆம் குறள். பலமுறை நடத்தியிருக்கிறேன்.

படிப்பில் பின்தங்கிய, ஆனால் எல்லோருக்கும் முன்பே பள்ளிக்கு வரும் மாணவனிடம் மணியடிக்கும் பொறுப்பைக் கொடுத்தேன். நம்பிக்கையில்லாமல் தினமும் கடிகாரத்தோடு அருகில் போய் நின்றேன். நான்காம் நாள், “நீங்களே அடிச்சிடுங்க சார்” என்றான். ஆராய்வதை மட்டுமே நான் கற்றிருந்தேன், விடுவதைக் கற்கவில்லை.

மறுநாளிலிருந்து போகவில்லை. ஒருநாள் மணி ஐந்து நிமிடம் தாமதமானது. நான் கேட்கவில்லை, அவனே வந்து சொன்னான்.

வகுப்புத் தலைவர்களிடம் பொறுப்பைக் கொடுக்கிறோம், விட்டுவிடுகிறோமா? யோசிப்போம்.