வேதிப்பொறியியல்: தேர்வுக்கு முன் எழவேண்டிய வினா

நீரை வடிகட்டிக் காய்ச்சிப் பருகும் நெறி சமணர் இல்லங்களில் தொன்றுதொட்டு வழங்கி வருகிறது. குடத்தின் வாயில் கட்டிய வெண்துணியும் அடுப்பின் தீயும் ஒரு குடும்பத்திற்குப் போதும். ஆனால் சென்னைக்குத் தெற்கே நெம்மேலியில் 2013இல் இயங்கத் தொடங்கிய நிலையம், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீரைக் கடல்நீரிலிருந்து பெறுமாறு அமைக்கப்பட்டது. அங்கே துணியின் இடத்தில் நுண்சவ்வு இருக்கிறது. நீரை எவ்வளவு அழுத்தத்தில் செலுத்துவது, சவ்வு அடைபடாமல் காப்பது எப்படி, எஞ்சும் உவர்நீரை எங்கே விடுவது என்னும் வினாக்களுக்கு விடை காண்பதே வேதிப்பொறியாளரின் தொழில்.

வேதியியலும் வேதிப்பொறியியலும் ஒன்றே என்று கருதுவோர் பலர். வேதியியலார் ஒரு வினையைக் குடுவையில் கண்டறிகிறார். பொறியாளர் அதனைப் பெருங்கலனில் பாதுகாப்பாக நிகழ்த்துகிறார். கலனின் நீள, அகல, உயரங்களை இரு மடங்காக்கினால் கொள்ளளவு எட்டு மடங்காகிறது. புறப்பரப்போ நான்கு மடங்கே ஆகிறது. வெப்பம் புறப்பரப்பின் வழியே வெளியேறுவதால், குடுவையில் அமைதியாக நிகழும் வினை பெருங்கலனில் கட்டுக்கடங்காமல் போகக்கூடும். இதனை முன்கூட்டியே கணக்கிட்டுத் தடுப்பதற்குக் கணிதமும் இயற்பியலும் வேண்டும். எனவே வேதியியலில் மட்டும் ஆர்வமுடைய பிள்ளை இத்துறையில் சேர்ந்து இடர்ப்படுவதுண்டு. கணிதத்தில் வல்ல பிள்ளை பெயரைக் கண்டே விலகுவதும் உண்டு. புதிய மூலக்கூறுகளைக் கண்டறியும் நாட்டமுடையோர்க்கு இளம் அறிவியல் வேதியியலும் அதனைத் தொடரும் ஆய்வுமே ஏற்ற வழி.

பொறியியலே உரியதென்று தெளிந்த மாணவர் மேல்நிலை வகுப்பில் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றையும் பயிலவேண்டும். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் தரவரிசைக்குரிய 200 மதிப்பெண்ணில் 100 கணிதத்திற்கும், ஐம்பது ஐம்பதாக மற்ற இரண்டிற்கும் உரியன. 1944இல் தோன்றி, இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கமாக விளங்கும் சென்னை அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி இக்கல்விக்குப் பெயர்பெற்றது. திருச்சிராப்பள்ளி என்.ஐ.டி.யில் சேர ஜே.இ.இ. மெயின் தேர்வும், சென்னை ஐ.ஐ.டி.யில் சேர அதன்மேல் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வும் வேண்டும். பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்தோர் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம்; வசதி குறைந்த குடும்பங்களுக்கு இது நல்ல வழி.

நான்காண்டுப் படிப்பில் முதலில் ஊன்றவேண்டியது நிறை, ஆற்றல் ஆகியவற்றின் சமன்கணக்கு. உட்சென்றது எவ்வளவு, வெளிவந்தது எவ்வளவு, தங்கியது எவ்வளவு என்னும் அக்கணக்கே பின்வரும் பாடங்களுக்கெல்லாம் அடித்தளம். விடுமுறைதோறும் ஏதேனும் ஓர் ஆலையில் பயிற்சி பெறுவது நன்று. பம்பும் வால்வும் பாய்லரும் ஏட்டில் ஒருவிதமாகவும் நேரில் வேறுவிதமாகவும் தோன்றும். இறுதியாண்டில் 'கேட்' தேர்வு எழுதுவது, முதுநிலைப் படிப்புக்கும் சில பொதுத்துறை நிறுவனப் பணிகளுக்கும் வாயிலாக அமையும்.

பணியின் தன்மையையும் பெற்றோர் முன்னரே அறிதல் வேண்டும். ஆலைகள் பெரும்பாலும் மணலி, கடலூர், தூத்துக்குடி, குஜராத்தின் தாகேஜ் போன்ற தொழிற்பகுதிகளில் உள்ளன. தொடக்க ஆண்டுகளில் இரவு ஷிப்டும் ஊர்மாற்றமும் இயல்பு. அது இயலாதோர்க்கு வடிவமைப்பு அலுவலகங்களும் ஆய்வுக்கூடங்களும் உள்ளன.

கொல்லாமையைக் குலநெறியாகக் கொண்ட இல்லங்களில் மற்றோர் ஐயமும் எழும்: இத்தொழில் நீரையும் நிலத்தையும் கெடுப்பதன்றோ? ஐயம் நியாயமானதே. 2011 ஜனவரியில், நொய்யலாறு மாசுபட்ட வழக்கில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. தொழிலாளர் பலர் வேலையிழந்தனர். தொழில் மீளத் துணைநின்றதும் இதே கல்விதான். கழிவுநீரைச் சவ்வுகளில் வடித்து, எஞ்சிய உவர்நீரை ஆவியாக்கி, நீரையும் உப்பையும் மீண்டும் சாயமிடுதற்கே பயன்படுத்தும் முறையை நடைமுறைப்படுத்தியதில் வேதிப்பொறியியலின் பங்கு பெரிது. மனம் ஒவ்வாத தொழிலைத் தவிர்க்கவும் இத்துறையில் இடமுண்டு. குடிநீர், மருந்து, காகிதம், சர்க்கரை, சிமெண்டு எனக் களங்கள் பல.

ஆதலின், விண்ணப்பம் நிரப்புமுன் பெற்றோர் பிள்ளையிடம் "எவ்வளவு மதிப்பெண்?" என்பதோடு நில்லாமல், "இந்நீர் எவ்வாறு தூய்மையாகிறது என்று அறிய விருப்பமா? அதனைக் கணக்கிட்டுப் பார்க்கப் பொறுமை உண்டா?" என்றும் கேட்டல் வேண்டும். இரண்டிற்கும் 'ஆம்' என்னும் பிள்ளையை நம்பிக்கையோடு இத்துறைக்கு அனுப்பலாம். 'இல்லை' என்னும் பிள்ளைக்கு வேறு நல்ல வழிகள் உண்டு. அவ்விடையைப் பதினேழு வயதிலேயே அறிந்துகொள்வது, நான்காண்டு கழித்து அறிவதினும் நன்று.