புது மரம் பால் தரும்வரை

(மஸ்ஜித் இந்தியாவில், ஞாயிற்றுக்கிழமை கூடிய தோட்டத் தொழிலாளர், கிராணிமார் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தோட்டத்திலேயே இருப்பதா, வேறு வேலைக்குப் போவதா? இதைப் பற்றிப் பேச வேண்டுமென்று சங்கத்தார் என்னைப் பணித்திருக்கிறார்கள். இது உங்களுக்குப் புதிய கேள்வியன்று. விடியற்காலையில் பிரட்டுக்குப் போகும்போது கூடவே வருகிற கேள்வி. இரவு படுக்கும்போது தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிற கேள்வி. "தீபாவளி போகட்டும், பார்ப்போம்" என்கிறோம். தீபாவளி போகிறது. "பிள்ளையின் பரீட்சை முடியட்டும்" என்கிறோம். பரீட்சையும் முடிகிறது. கேள்வி மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

இப்படி மதில்மேல் பூனையாக இருப்பவரைக் கோழை என்று ஏசுவோர் உண்டு. நான் அப்படிச் சொல்லமாட்டேன். பட்டணத்தில் ஒருவர் வேலையை விட்டால் வேலை மட்டுமே போகிறது. தோட்டத்தில் வேலையை விட்டால் வீடும் போகிறது. அத்துடன் பக்கத்து வீட்டுத் துணை, கோயில் திருவிழா, பிள்ளை நடந்தே போகும் பள்ளிக்கூடம் எல்லாம் போகின்றன. ஒரே ஒரு கடிதத்தில் இத்தனையும் கட்டப்பட்டிருந்தால், கையெழுத்துப் போடும் கை நடுங்காமல் என்ன செய்யும்?

ஆனால், தோழர்களே, முடிவு எடுக்காமல் இருப்பதும் ஒரு முடிவுதான். அந்த முடிவை எழுதுகிறவர் மட்டும் நாமல்ல, வேறொருவர்.

சுற்றுமுற்றும் பாருங்கள். இன்று பங்சார் என்று சொல்கிறோமே, அது ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். பூஞ்சே, கிரிசார் என்ற இரண்டு ஐரோப்பியர் பெயர்கள் சேர்ந்துதான் பங்சார் ஆயிற்று. சுபாங் ஜெயா நின்ற இடம் சீபீல்டு தோட்டம். 1970களில் அங்கே பால்மரம் போய் வீட்டுமனை வந்தது. காட்டை அழிப்பது எப்போது, மனை போடுவது எப்போது என்று முடிவு செய்தவர்கள் மரம் வெட்டிய நம் மக்களைக் கேட்டுக்கொண்டா செய்தார்கள்?

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி, குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச்சீட்டு வேண்டும் என்று ஆயிற்று. 1969 முதல் அது நடைமுறைக்கு வந்தபோது பல்லாயிரம் தொழிலாளர்கள் கப்பலேறினார்கள். அவர்களில் காகிதம் கிடைக்காமல் அலைந்தவர்கள் உண்டு. விவரம் சொல்ல ஆளில்லாதவர்கள் உண்டு. "ஊருக்குப் போவதா, இங்கேயே இருப்பதா" என்று வருஷக்கணக்கில் தள்ளிப் போட்டவர்களும் உண்டு. குற்றம் சொல்ல இதைச் சொல்லவில்லை. நாம் தள்ளிப் போடுகிற கேள்விக்குக் காலம் பதில் சொல்லும்போது அது நம் வசதியைப் பார்ப்பதில்லை என்பதற்காகவே சொன்னேன்.

அப்படியானால் கண்ணை மூடிக்கொண்டு குதிக்க வேண்டுமா? அதுவும் கூடாது. எப்படி மாறுவது என்பதை நாம் நிற்கும் மண்ணே சொல்லிக் கொடுத்திருக்கிறது.

1890களில் சிலாங்கூர்த் தோட்டங்களில் பெரும்பாலும் காப்பிதான் இருந்தது. பிரேசிலில் விளைச்சல் பெருகியது. காப்பி விலை சரிந்தது. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவர் ரிட்லி, "ரப்பர் போடுங்கள், ரப்பர் போடுங்கள்" என்று கண்டவரிடமெல்லாம் விதையைக் கொடுத்தார். அவருக்குப் பைத்தியக்கார ரிட்லி என்றே பட்டம் கட்டினார்கள். காஜாங்கில் இன்ச் கென்னத் தோட்டத்தில் கிண்டர்ஸ்லி சகோதரர்கள் அதைக் கேட்டார்கள். அந்த நாளைய தோட்டக்காரர்கள் என்ன செய்தார்கள்? காப்பியை ஒரே நாளில் பிடுங்கிப் போட்டுவிட்டு ரப்பர் நட்டால், பால் வருமட்டும் ஐந்தாறு வருஷம் எதைத் தின்பது? அதனால் பலர் காப்பி நிரைகளுக்கு நடுவிலேயே ரப்பரை நட்டார்கள். காப்பி அன்றைய சோற்றைப் போட்டது; ரப்பர் நாளைய சோற்றுக்கு வளர்ந்தது.

இவர்கள் முதலாளிகள், நாம் தொழிலாளிகள். நம்மிடம் ஏக்கர் கணக்கில் நிலமில்லை. ஆனால் முறை ஒன்றுதான். மறுநடவு செய்கிற தோட்டமும் ஒரு துண்டை வெட்டி நடும்போது மற்றத் துண்டில் பால் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. புது மரம் பால் தரும்வரை பழைய மரத்தை வெட்டாதே; ஆனால் புது மரத்தை இன்றே நடு. நான் சொல்ல வந்தது இவ்வளவே. இனி, நடுவது எப்படி என்று பார்ப்போம்.

முதலாவது, கேள்வியைப் பிரியுங்கள். "போவதா, இருப்பதா" என்பது ஒரு கேள்வியல்ல. மூன்று கேள்விகள் ஒன்றாய்ச் சுருண்டு கிடக்கின்றன. என்ன வேலை எனக்குப் பிடிக்கும்? அந்த வேலையில் குடும்பம் நிற்குமா? வீட்டுக்கு என்ன வழி? மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டால் மனம் மலைத்துப் போகும். தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் பதில் உண்டு.

பிடித்த வேலை என்றதும் சிலர் சிரிக்கிறீர்கள். கூலிக்காரனுக்குப் பிடித்தமென்ன, பிடிக்காததென்ன என்று எண்ண வேண்டாம். எந்த வேலையில் கை வைத்தால் நேரம் போவது தெரியவில்லை? ஒருவர் பழுதான மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டுக்கொண்டு சாப்பாட்டை மறப்பார். ஒரு தாயார் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தால் எழுந்திருக்கமாட்டார். அங்கேதான் விதை கிடக்கிறது.

"எனக்கு மரம் வெட்டத்தானே தெரியும்" என்றும் சொல்லாதீர்கள். பட்டையைச் சீவி, மரத்துக்குக் காயம் படாமல், மயிரிழையில் உளியை நிறுத்துகிற கை சாமானியக் கையல்ல. ஒட்டுக்கட்டத் தெரிந்தவருக்கு நாற்றுப் பண்ணைகளில் மதிப்புண்டு. கிராணிமார்களே, நீங்கள் நூற்றுக்கணக்கான பேர்களின் சம்பளப் பட்டியலைப் பிழையில்லாமல் போடுகிறீர்கள். சேமநிதிக் கணக்கு, ஸ்டோர்க் கணக்கு எல்லாம் பார்க்கிறீர்கள். இந்த மஸ்ஜித் இந்தியாத் தெருவில் துணிக்கடை, நகைக்கடை, நாணய மாற்றுக்கடை என்று எத்தனை! கணக்குத் தெரிந்த ஆளைத் தேடாத கடை உண்டா? கோ. சாரங்கபாணி 1924இல் சிங்கப்பூர் வந்து கணக்கு எழுதும் வேலையில்தான் சேர்ந்தார். 'முன்னேற்றம்' ஏட்டில் எழுதிப் பழகி, ஆசிரியப் பொறுப்பும் ஏற்று, 1935இல் 'தமிழ் முரசு' தொடங்கினார். நடுவில் பதினோரு வருஷம்! பேனா அதே பேனாதான். எழுதிய பக்கம் மாறியது.

கையில் அனுபவம் இருந்து சான்றிதழ் இல்லாதவர்கள், மலேசியத் திறன் சான்றிதழைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். எஸ்.கே.எம். என்பார்கள். செய்த வேலைக்கு ஆதாரம் காட்டி, பழைய அனுபவத்தைக் கொண்டே அதைப் பெற பி.பி.தி. என்றொரு வழியும் இருக்கிறது. முழுப் படிப்புக்கு மறுபடியும் வகுப்பில் உட்கார வேண்டியதில்லை.

இரண்டாவது, கணக்குப் போடுங்கள். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி ஆயிற்று. அதையே வாங்குகிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். வெளியே போனால் வீட்டு வாடகை 600, போக்குவரத்து 200 என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் வெளியே 2,500 வெள்ளி வந்தால்தான் இன்றைய நிலைக்குச் சமம். 2,200 வெள்ளி வேலையைக் கண்டு, "ஐந்நூறு கூடுதல்" என்று மகிழ்ந்து போனால் மாதம் 300 நட்டம்! சொந்தத் தொழில் என்றால் இன்னொன்றும் உண்டு. முதலாளி நம் பேரில் சேமநிதிக்குக் கட்டும் 13 சதவீதம், அதாவது 221 வெள்ளி, நின்று போகும். சொந்தத் தொழில் செய்பவர் தாமாகச் சேமநிதியில் கட்டவும், பெர்கேசோ காப்பில் சேரவும் வழி இருக்கிறது. அந்தச் செலவையும் ஏட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

2024 மே முதல் சேமநிதியில் மூன்றாவது கணக்கு ஒன்று வந்திருக்கிறது. புதிதாகச் சேரும் பணத்தில் நூற்றுக்குப் பத்து அதில் விழுகிறது. எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். எடுக்கலாம் என்பதற்காக எடுத்துவிடாதீர்கள். மாறும் காலத்தில் குடும்பம் ஆறு மாதம் தாங்கப் பணம் வேண்டும். அதற்கு அது உதவட்டும்.

மூன்றாவது, கடிதம் எழுதும் முன் சங்கத்துக்கு வாருங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். தாமாக விலகுவது வேறு. ஆட்குறைப்பில் வேலை போவது வேறு. 1980ஆம் ஆண்டு விதிப்படி, ஐந்து வருஷத்துக்கு மேல் வேலை செய்தவரை ஆட்குறைப்பில் நிறுத்தினால், ஒவ்வொரு வருஷத்துக்கும் 20 நாள் சம்பளம் கொடுக்க வேண்டும். நாள் சம்பளம் 60 வெள்ளி, சர்வீஸ் 18 வருஷம் என்றால் 21,600 வெள்ளி! 2018இல் தொடங்கிய வேலைக் காப்புறுதித் திட்டத்திலும், தகுதியுள்ளவருக்கு வேலை தேடும் மாதங்களில் உதவித்தொகையும் பயிற்சியும் உண்டு. வேலை போன 60 நாளுக்குள் பெர்கேசோவிடம் மனுச் செய்ய வேண்டும். ஆனால் "என் சொந்த விருப்பத்தால் விலகுகிறேன்" என்று கையெழுத்துப் போட்டவருக்கு இவை இரண்டுமே கிடையாது.

தோட்டம் விற்கப்படும் என்று பேச்சு அடிபடும்போது சிலர் பதறிப் போய் இராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். சிலரிடம் புரியாத தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்கிறார்கள். ஒரு வரி, 18 வருஷ உழைப்பைத் தின்றுவிடும்! எந்தத் தாளானாலும் சங்கத்தார் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். புதிய முதலாளி பழைய நிபந்தனைகளுக்குக் குறையாமல் வேலை கொடுக்க முன்வந்தால் கணக்கு வேறு. அதையும் சங்கத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தாமாகவே விலகுவதென்று தீர்மானித்தவர்களும் நோட்டீசை மறக்கக் கூடாது. ஒப்பந்தத்தில் வேறு விதமாக இல்லையென்றால், ஐந்து வருஷத்துக்கு மேற்பட்டவர் எட்டு வாரம் கொடுக்க வேண்டும். அந்த எட்டு வாரத்துக்குள் வீடு பார்த்துவிடலாம் என்று எண்ணாதீர்கள். வீட்டைப் பார்த்த பிறகு நோட்டீஸ் கொடுங்கள்.

நான்காவது, சிறிதாக நட்டுப் பாருங்கள். லோரி ஓட்ட விரும்புகிறவர் முதலில் லைசென்ஸ் எடுக்கட்டும். சாப்பாட்டுக் கடை வைக்க விரும்புகிறவர் மூன்று மாதம் வாரக் கடைசியில் பலகாரம் போட்டு விற்றுப் பார்க்கட்டும். 1957இல் கோத்தாபாருவில் சிறு கடையாகத் தொடங்கிய மைடின், 1989இல்தான் கோலாலம்பூருக்கு, இந்த மஸ்ஜித் இந்தியாவுக்கு வந்தது. முதல் நாளே பெரிய கடை திறந்தவர்கள் அல்லர்.

ஐந்தாவது, தேதி குறியுங்கள். தேதியில்லாத எண்ணம் வெறும் ஆசை. "அடுத்த சித்திரைக்குள் இன்ன சான்றிதழ், இவ்வளவு பணம், இன்ன இடத்தில் வாடகை வீடு, மூன்றும் கைக்கு வந்தால் போகிறோம், வராவிட்டால் ஏன் என்று பார்த்து இன்னொரு தேதி வைக்கிறோம்" என்று எழுதுங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து எழுதுங்கள். தோட்டத்தில் இருவரும் உழைக்கிறார்கள். ஒருவர் மட்டும் முடிவு செய்வது நியாயமல்ல. பிள்ளைகளுக்கு விவரம் தெரியும் வயதென்றால் அவர்களையும் கேளுங்கள்.

இதையெல்லாம் செய்து பார்த்தபின், "தோட்டத்திலேயே இருப்பதுதான் எங்களுக்கு நல்லது" என்று தெரிந்தால்? தாராளமாக இருங்கள். அது தெரிந்து எடுத்த முடிவு. அதன்பின் மனம் அலையாது. இருக்கும் இடத்தில் சம்பளத்துக்கும் வீட்டுக்கும் போராட நெஞ்சில் உறுதி வரும்.

கடைசியாக ஒன்று. 1950களிலும் 60களிலும் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்றார்கள், வாங்கியவர்கள் துண்டாடினார்கள். நம் மக்கள் வேலையும் இழந்து வீடும் இழந்து நின்றார்கள். 1960இல் துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், பத்து வெள்ளி கொடுத்துக் கூட்டுறவில் சேரச் சொன்னார். அந்த நாளில் பத்து வெள்ளி சிறிய காசல்ல. "கொடுப்பதா, வேண்டாமா" என்று எத்தனை வீட்டில் விளக்கணையாமல் பேசியிருப்பார்கள்! கொடுத்தவர்களின் பணம் சேர்ந்து, தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கியது. அதுதான் முதல் தோட்டம். ஒவ்வொருவர் முடிவும் சிறியது. ஒன்றாய்ச் சேர்ந்தபோது ஒரு தோட்டமே தொழிலாளர் கைக்கு வந்தது.

ஆகவே தனியாக உட்கார்ந்து குழம்பாதீர்கள். ஒரே தோட்டத்தில் மாற நினைக்கிற ஐந்து குடும்பங்கள் சேருங்கள். ஒருவர் வீட்டு வாடகை விசாரிக்கட்டும். ஒருவர் பயிற்சி நிலையம் போய் வரட்டும். கிராணியார் கணக்குப் போட்டுக் கொடுக்கட்டும். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குடும்பமும் ஒரு தாள் கொண்டு வாருங்கள். அதில் மூன்று வரி போதும்: என்ன வேலை, எவ்வளவு பணம், எந்தத் தேதி. அந்தத் தாளை வைத்துக்கொண்டு மேலே பேசுவோம்.