பச்சைப் புள்ளிக்கு இடம் உண்டு, விதையின் உண்மைக்கு இல்லையா?



மரபணு மாற்று உணவு பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், “சாதி ஒழிப்பு மேடையில் இதற்கு என்ன வேலை?” என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்விதான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துப் பாருங்கள். சதுரத்துக்குள் ஒரு பச்சைப் புள்ளி இருக்கும். பாக்கெட்டில் விற்கும் உணவு சைவமா அசைவமா என்று குறியிட்டுச் சொல்வது 2001 முதல் இந்த நாட்டில் கட்டாயம். இதில் பால் சைவக் கணக்கு, முட்டை அசைவக் கணக்கு. இந்தக் கணக்கு யாருடைய சமையலறையிலிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியும். 2021 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. சேர்க்கப்படும் பொருள் எவ்வளவு சிறிய அளவாக இருந்தாலும், அது விலங்கிலிருந்து வந்ததா, தாவரத்திலிருந்து வந்ததா, ஆய்வகத்தில் உருவானதா என்று முழுமையாகச் சொல்ல வேண்டும் என்றது.

அதற்கு ஒரு மாதம் முன்புதான் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் மரபணு மாற்று உணவுக்கான வரைவு விதியை வெளியிட்டது. அதன்படி, ஒரு சேர்மானத்தில் 1 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால் லேபிளில் சொன்னால் போதும். வரம்பு வைப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்திலும் தற்செயலாகக் கலந்ததற்கு 0.9 விழுக்காடு வரம்பு உண்டு. நான் கேட்பது வேறு. தீட்டு பார்ப்பவரின் கேள்விக்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே பதில் அச்சாகிவிட்டது. “இது எந்த விதையிலிருந்து வந்தது?” என்று கேட்பவருக்கு ஏன் வரைவுமேல் வரைவு?

நமக்கும் மரபணு மாற்றுக்கும் தொடர்பில்லை என்று நினைக்க வேண்டாம். பி.டி. கத்தரிக்கு 2009 அக்டோபரில் ஒப்புதல் குழு பச்சைக்கொடி காட்டியது. அதை உருவாக்கியதில் கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக்கும் பங்கு உண்டு. அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் மக்கள் கருத்தைக் கேட்டு, 2010 பிப்ரவரி 9 அன்று அதை நிறுத்தி வைத்தார். கத்தரிக்காய் நின்றது. ஆனால் 2002இலேயே அனுமதி பெற்ற பி.டி. பருத்தியின் கொட்டை செக்குக்குப் போகிறது. குஜராத்தில் அந்த எண்ணெய் வீட்டுச் சமையலில் இருக்கிறது. அர்ஜென்டினா, பிரேசில் நாடுகளிலிருந்து கப்பல் கப்பலாக வரும் சோயா எண்ணெயும் பெரும்பாலும் மரபணு மாற்றிய சோயாவிலிருந்து வருவதுதான். ரேஷனில் தரும் பாமாயிலில் இந்தச் சிக்கல் இல்லை. மரபணு மாற்றிய எண்ணெய்ப் பனை சந்தையில் கிடையாது.

சரி, இதைச் சாப்பிட்டால் ஆபத்தா? இங்கே நாம் பகுத்தறிவோடு பேச வேண்டும். சந்தைக்கு வந்துள்ள மரபணு மாற்று உணவுகள் வழக்கமான உணவைவிடக் கூடுதல் கேடு செய்கின்றன என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் 2016ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. ஏன் தனித்தனியாக? பிரேசில் கொட்டையின் மரபணுவைச் சோயாவில் சேர்த்தார்கள். அந்தக் கொட்டை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இந்தச் சோயாவும் ஒத்துக்கொள்ளாது என்று சோதனையில் தெரிந்தது. 1996இல் அந்த ஆய்வு வெளியானது. அந்தச் சோயா சந்தைக்கே வரவில்லை. சோதித்ததால் தப்பினோம். எனவே “எல்லாமே விஷம்” என்பதும் பொய், “எதையும் கேட்காதே” என்பதும் ஆணவம்.

இன்னொரு எச்சரிக்கை. மரபணு மாற்றை எதிர்ப்போர் எல்லோரும் நம் தோழர்கள் அல்லர். “புனிதமான நாட்டு விதை”, “கலப்படமற்ற பாரதப் பாரம்பரியம்” என்று சிலர் பேசுகிறார்கள். கலப்பு என்ற சொல்லைக் கேட்டதும் அருவருப்பு கொள்கிற மனம் எது என்று நமக்குத் தெரியும். அது விதையோடு நிற்காது, திருமணத்துக்கும் வரும். கலப்பு நமக்குப் பகை அல்ல. கேள்வி கேட்கும் உரிமையை மறுப்பதுதான் பகை. படித்தவன் முடிவு செய்வான், நீ வாயை மூடிக்கொண்டு சாப்பிடு என்பது நமக்குப் பழக்கமான குரல். வேதத்தைக் காட்டிச் சொன்னதை இப்போது ஆய்வகத்தைக் காட்டிச் சொல்கிறார்கள். அறிவியலை நம்புகிறவன்தான் ஆய்வுத் தரவை வெளியிடு என்று கேட்பான்.

பாதுகாப்பு என்றால் தட்டில் இருப்பதை மட்டும் பார்த்தால் போதாது. வயலையும் பார்க்க வேண்டும். காய்ப்புழுவைத் தடுக்க வந்த பி.டி. பருத்தியை இளஞ்சிவப்புக் காய்ப்புழு எதிர்த்து நின்றது. மருந்தடிப்பு திரும்பி வந்தது. 2017இல் மகாராஷ்டிராவின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். இன்று கேட்கப்படுவது களைக்கொல்லியைத் தாங்கும் பயிர். களையெடுப்பு நம் பெண்களின் வேலை, அதிலும் நிலமற்ற தலித் பெண்களின் கூலி. நாள் முழுதும் குனிந்து முதுகு ஒடிவதை நான் புகழ மாட்டேன். ஆனால் அந்தக் கூலி போனால் அவர்களுக்கு என்ன என்று எந்த ஒப்புதல் குழுவும் கேட்பதாகத் தெரியவில்லை.

லேபிளுக்கு வருவோம். “ஜி.எம்.” என்ற எழுத்துகள் பாக்கெட்டின் முகப்பில் மேலே இருக்க வேண்டும் என்று 2013 சனவரி 1 முதல் ஒரு விதி நடைமுறைக்கு வந்தது. கடையில் அதை நான் பார்த்ததில்லை. 2024 ஜூலையில் மரபணு மாற்றுக் கடுகு வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் கடுகைப் பற்றி மாறுபட்ட தீர்ப்பு தந்தார்கள். ஆனால் இறக்குமதியாகும் மரபணு மாற்று உணவும் சமையல் எண்ணெயும் லேபிள் சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டும் என்பதில் ஒன்றுபட்டார்கள்.

சுத்திகரித்த எண்ணெயில் மரபணுவின் தடயம் அநேகமாக மிஞ்சாது. பாட்டிலைச் சோதித்துப் பயனில்லை. அமெரிக்கா இதைக் காரணம் காட்டி அப்படிப்பட்ட எண்ணெய்க்கு விலக்கு தந்தது. ஐரோப்பா தரவில்லை, விதையிலிருந்து கடைவரை ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் ஆவணம் கேட்கிறது. நாமும் அதைத்தான் கேட்க வேண்டும். அந்த லேபிள் தமிழிலும் இருக்க வேண்டும். சில்லறையாக எண்ணெய் வாங்குகிறவருக்கும், சத்துணவு சாப்பிடும் குழந்தையின் தாய்க்கும் அந்தத் தகவல் போய்ச் சேர வேண்டும். பணமுள்ளவர் ‘ஆர்கானிக்’ கடைக்குப் போய்விடுவார். கொடுத்ததைச் சாப்பிட வேண்டியவருக்குத்தான் இந்தச் சட்டம் தேவை.

யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம், எதைச் சாப்பிடலாம் என்று மற்றவர்கள் நமக்கு விதி எழுதிய நாடு இது. நாம் உண்பது என்ன என்று தெரிந்துகொள்வது சுயமரியாதையின் பகுதி. அடுத்த வரைவு கருத்துக்கு வரும்போது நம் கருத்தும் அங்கே போக வேண்டும், தோழர்களே.